பின்சுவர் ஓட்டை

பையைத் திறக்கணுமா? திறக்கலாம் தங்கச்சி, ஓடியா போகப்போகுது. மொதல்ல இந்தப் போனை வாங்கி வச்சுக்கங்க. உங்க சந்தேகமே இதுமேலதானே? திருட்டுத்தனமா படம் புடிச்சு நெட்ல போட்டுருவான் கிழவன்னு. இந்தாங்க, அணைச்சே குடுக்குறேன். உங்க ஹீரோ மூஞ்சியைப் பாக்கணும்னு எனக்கு ஆசை கிடையாது. இல்ல, பொய் சொல்லக்கூடாது, ஒரு வகையில அவனைப் பத்திதான் வந்திருக்கேன். சொல்றேன். நீங்க உக்காருங்க. அந்த நாற்காலில கொஞ்சம் பாத்து உக்காருங்க, இடது கால் ஆடும். எப்படித் தெரியும்னா? அது என் நாற்காலி.

சிரிக்காதீங்க, நெசமா. இந்த பம்பு ஃபேக்டரி ஓடுன காலம் பூரா இந்த கேட்டுல காவல் நின்னவன் நான். தோங் வென்ஷெங். இந்த ஃபூஷுன் ஊர்ல பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க, சந்தேகப்பேய் தோங்கான்னு கேப்பாங்க. அப்படித்தான் பேரு வச்சிருந்தானுங்க. ஒருத்தன் நடந்து வர்றதைப் பாத்தே சொல்லிடுவேன், சாப்பாட்டுப் பொட்டில சோறு இருக்கா, பித்தளை வால்வு இருக்கான்னு. ஒரு தடவை ஒருத்தி வயித்துப் புள்ளைக்காரின்னு வந்தா. எனக்கு என்னமோ பட்டுச்சு. கோட்டைத் திறக்கச் சொல்லிப் பாத்தா வயித்துல செம்புக் கம்பி சுத்தியிருக்கா. இப்ப ஃபேக்டரியும் இல்ல, வால்வும் இல்ல. நீங்க வாடகைக்கு எடுத்து சினிமா எடுக்குறீங்க, என் கேட்டுல என்னையே நிறுத்தி பையைத் திறன்னு சொல்றீங்க. நல்லா இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்றேன், உங்க காவல் சரியில்ல. பாய்லர் கூடத்துக்குப் பின்னால சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு. குனிஞ்சா ஒரு ஆள் தாராளமா நுழையலாம். அதை அடைச்சு அடைச்சே என் பாதி ஆயுசு போச்சு. நான் பகல்ல செங்கல் வைப்பேன், மறுநாள் பாத்தா பேத்திருப்பானுங்க. இப்பவும் அப்படியே இருக்கு, ஆளை விட்டு அடைக்கச் சொல்லுங்க. முன்பக்கம் என்னை மாதிரி கிழவனை நிறுத்திப் பையைத் துழாவுறீங்க, பின்பக்கம் ஊரே வந்து போகலாம். எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? போன வாரம் நான் அதுவழியாதான் உள்ள வந்தேன்.

இருங்க இருங்க, யாரையும் கூப்பிடாதீங்க. நான் யாருன்னு சொல்லிடுறேன். உங்க படத்துல அம்மாவா நடிக்கிறாளே, செத்துப்போற அம்மா, லுவான் யூமெய், அவ என் வீட்டுக்காரி.

ஆமா. புருஷன் இருக்காருன்னு சொல்லவே இல்லையா? அதானே. நீங்க ஷி அம்மாதானே, துணை நடிகருங்களைப் புடிச்சுக் குடுக்குறவங்க? அப்ப உங்ககிட்டதான் கேக்கணும். இன்னைக்கு அவளுக்கு ஷூட்டிங் இல்லைன்னு தெரிஞ்சுதான் வந்தேன். பூங்காவுல மத்த பொம்பளைங்களோட விசிறி ஆட்டம் ஆடிக்கிட்டிருப்பா. நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியக்கூடாது. அவ நடிக்கிறது எனக்குத் தெரியும்ங்கிறதே அவளுக்குத் தெரியாது. எனக்கு உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தப் பையன், மகனா நடிக்கிறானே, குவோ ரான், அவன் எப்படிப்பட்ட ஆளு? என் பொண்டாட்டிகிட்ட அவனுக்கு என்ன வேணும்?

ஏன் கேக்குறேன்னா… பை மடியில இருக்கட்டும் தங்கச்சி, அது கடிக்காது. ஏன் கேக்குறேன்னு சொல்றேன்.

எங்க வீட்டுல டிவில எப்பவும் யுத்த நாடகம்தான் ஓடும். அவளுக்கு அதுதான் புடிக்கும். குண்டு வெடிக்கணும், குதிரை விழணும். திடீர்னு இலையுதிர் காலத்துல இருந்து தியேட்டருக்குப் போக ஆரம்பிச்சா. மதியக் காட்சி, கெழவங்களுக்குப் பாதி டிக்கெட். என்ன படம்டி பாத்தேன்னா, குடும்பப் படம்ங்கிறா. என்ன கதைன்னா, ஒரு அம்மா, ஒரு மகன்ங்கிறா. அவ்வளவுதான். ஊர்ல வெடிக்குற பட்டாசுல இருந்து பக்கத்து வீட்டுக்காரி வாங்குன பூண்டு வரைக்கும் ஒண்ணு விடாம சொல்ற பொம்பளை, படக்கதையை ரெண்டு வார்த்தைல முடிக்கிறா. எனக்கு உறுத்துமா உறுத்தாதா?

ஒரு நாள் பின்னாலயே போயிட்டேன். தொப்பியை இறக்கி விட்டுக்கிட்டு ரெண்டு வரிசை தள்ளி உக்காந்தேன். யாராவது வந்து பக்கத்துல உக்காருவான்னு பாக்குறேன், ஒருத்தனையும் காணோம். திரையில ஒரு குடும்பம் சாப்பிடுது. அப்பன் மீனைப் பாக்குறான், மகன் போனைப் பாக்குறான், அம்மா ரெண்டு பேரையும் பாக்குறா. ஒருத்தரும் பேசல. எனக்குக் கண்ணு சொருகிடுச்சு. ஒரு தூக்கம் போட்டு முழிச்சுப் பாக்குறேன், அந்தக் குடும்பம் இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்கு. கோவிச்சுக்காதீங்க, நீங்களும் அந்த மாதிரிதான் எடுப்பீங்க போல. இப்ப வர்ற படம் பூரா அப்படித்தான் இருக்கு. எங்க வீட்டுல தினம் நடக்குறதைக் காசு குடுத்து வேற போய்ப் பாக்கணுமா?

ஆனா அன்னைக்கு ஒண்ணைக் கவனிச்சேன். திரையில அந்த அம்மா மகன் கிண்ணத்துல ஒரு துண்டு கறியை வைக்கிறா. முன்னால உக்காந்திருந்த என் பொண்டாட்டி கையும் லேசா தூக்குது. அவ மணிக்கட்டை எப்படித் திருப்புறாளோ, இவளும் அப்படியே திருப்புறா. ஏதோ படிக்கிற புள்ள மாதிரி.

அப்புறம் வீட்டுல இருமல். அடுப்படில நின்னுக்கிட்டு இருமுவா. மருந்து வாங்கட்டுமான்னா, எதுக்குங்கிறா. கொஞ்ச நேரம் கழிச்சு வேற மாதிரி இருமுவா. கேட்டீங்களா, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு தினுசு இருமல் வருமா? ஒரு மதியம் நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், சோபாவுல நீட்டிப் படுத்திருக்கா. கை ரெண்டும் வயித்து மேல. மூச்சே காணோம். யூமெய்ங்கிறேன், அசையல. மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாக்குறேன், ஒண்ணும் இல்ல. கையில இருந்த முட்டைப் பையைப் போட்டுட்டேன். சத்தம் கேட்டு எழுந்து உக்காந்து, ஏய்யா முட்டையை உடைச்சேன்னு என்னைத் திட்டுறா.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அன்னைக்கு ராச்சோறு இறங்கல.

அதுக்கப்புறம்தான் சிவப்புக் கவர். அவ பஞ்சுக் கோட்டைத் தைக்கக் குடுக்கலாம்னு பையைத் துழாவுனேன். சரி, தைக்கக் குடுக்க இல்ல, துழாவணும்னேதான் துழாவுனேன். விசேசத்துக்குப் பணம் வச்சுக் குடுக்குற சிவப்புக் கவர் ஒண்ணு. கல்யாணமும் இல்ல, புதுவருசமும் இல்ல, யாருக்கும் கொழந்தையும் பொறக்கல. எவன் குடுத்தான்? அடுத்த வாரம் இன்னொண்ணு. ரெண்டையும் துணி அலமாரில, போர்வைக்கு அடியில வச்சிருக்கா. செலவே பண்ணல. செலவு பண்ணியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பொத்தி வச்சிருக்கான்னா என்ன அர்த்தம்? இந்த வயசுலயான்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு அப்படி நினைக்க. ஆனா நினைச்சேன். பூங்காவுல ஆடுறதுக்கு வர்றானே, சாயம் பூசுன தலையோட ஒருத்தன், பழைய தபால்காரன், அவனாத்தான் இருக்கும்னு மூணு நாள் அவனை முறைச்சுக்கிட்டே திரிஞ்சேன். பாவம், அவன் எனக்கு வணக்கம் சொல்றதையே நிறுத்திட்டான்.

அப்புறம் ஒரு நாள் குளியலறையில இருக்கா, அவ போன் மேசைமேல கத்துது. குரல் பதிவு. அமுக்குனேன். எளவட்டக் குரல். அம்மா, நாளைக்குக் காலைல வண்டி வரும், கறுப்புக் கோட்டை மறந்துடாதீங்க. அதுக்கு மேல இன்னொண்ணு. அம்மா, சாப்பிட்டீங்களா? நான் இப்பதான் சாப்பிட்டேன், கொழுக்கட்டை, உள்ள புளிச்ச கோசு.

அம்மா. 

எங்க வீட்டுல அவளை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது தங்கச்சி. ஒருத்தன் இருந்தான். இப்ப இல்ல. அதை அப்புறம் சொல்றேன்.

அந்தக் குரலைக் கேட்டதும் தபால்காரனை விட்டுட்டேன். இது அதைவிட மோசம். உங்களுக்குத் தெரியும்ல, இந்த மெத்தை விக்கிறவனுங்க? காந்த மெத்தை, கால் கழுவுற எந்திரம், ரத்தம் சுத்தமாகுற மாத்திரை. கெழடுங்களாப் பாத்துப் புடிப்பானுங்க. கால் அமுக்கி விடுவானுங்க, முட்டை இனாமாக் குடுப்பானுங்க, அம்மா அம்மான்னு உருகுவானுங்க. பெத்த பிள்ளை வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான், இவனுங்க தினம் கூப்பிடுவானுங்க. எங்க மாடில மேல் வீட்டு மியாவோ பாட்டி அப்படித்தான் ஏமாந்துச்சு. வீடு பூரா மெத்தை. பொய்யின்னு தெரியாதா பாட்டின்னு கேட்டா, தெரியும், ஆனா அவன் கூப்பிடுறானேன்னுச்சு. இப்ப என் வீட்டுக்குமான்னு ஆச்சு. புள்ள இல்லாத பொம்பளைன்னு மோப்பம் புடிச்சு வந்துட்டான்டா ஒருத்தன், இன்னைக்கு அம்மாம்பான், நாளைக்கு வீட்டுப் பத்திரத்தைக் கேப்பான், இவளும் குடுத்துடுவா. சத்தியமா குடுத்துடுவா. அம்மான்னு ஒருத்தன் கேட்டா உசுரையே குடுப்பா அவ.

அவளையே கேட்டிருக்கலாமேங்கிறீங்களா? கேட்டா என்ன சொல்லுவா. எங்களுக்குள்ள அம்மாங்கிற வார்த்தை வர்ற பேச்சையே நாங்க எடுக்கிறதில்ல. ரெண்டு பேரும் அதைச் சுத்திச் சுத்தி நடந்தே பழகிட்டோம்.

அதான் போன வாரம் பின்னாலயே வந்தேன். அவ வண்டில, நான் அதே ரோட்ல பின்னால வந்த பஸ்ல. பஸ் திரும்புறப்பவே எனக்குத் திக்குங்குது. நம்ம ஃபேக்டரிக்கில்ல போறா. முன்வாசல்ல நீங்க யாரையும் விடல. சரின்னு பின்னால வந்து, நானே அடைச்ச ஓட்டைல நானே நுழைஞ்சேன். கோட்டுல இன்னும் சுண்ணாம்பு போகல, பாருங்க.

எழுந்து நின்னு எதிர்ல பாக்குறேன். சாவுப் பந்தல். வெள்ளைத் துணி, காகிதப் பூ வளையம், நடுவுல கறுப்புச் சட்டம் போட்ட போட்டோ. என் பொண்டாட்டி. சிரிச்சுக்கிட்டு.

மூளை வேலை செய்யல. காலைல எனக்குக் கஞ்சி ஊத்திட்டு வந்தவ, எப்படிச் செத்தா, எப்பப் பந்தல் போட்டாங்க? ஒருவேளை செத்தது நான்தானோன்னுகூட ஒரு கணம் ஓடுச்சு. அந்தப் போட்டோ எனக்குத் தெரிஞ்ச போட்டோ. தாலியன் கடற்கரைல நான் எடுத்தது. பக்கத்துல நிக்கிறவனை வெட்டிட்டு அவளை மட்டும் பெருசு பண்ணியிருக்காங்க. ஆனா சுத்தமா வெட்டல. அவ தோள்மேல மூணு விரல் மிச்சம் இருக்கு. உங்க ஆளுங்க கவனிச்சிருக்க மாட்டாங்க. பாக்குறவனுக்கு அது ஏதோ நிழல். எனக்குத் தெரியும் அது யாரு விரல்னு.

அப்படியே நிக்கிறேன். அப்பப் பாக்குறேன், அந்த போட்டோவுக்குக் கீழ, மடக்கு நாற்காலில உக்காந்துக்கிட்டு, சாப்பாட்டுப் பொட்டியைத் திறந்து வச்சு சாப்பிட்டுக்கிட்டிருக்கா ஒரு பொம்பளை. அவளேதான். தன் சாவுப் படத்துக்கு அடியில உக்காந்து கோழிக்கால் கடிக்கிறா. போய் ஒரு அறை விடலாமான்னு வந்துச்சு. போய்க் கட்டிக்கலாமான்னும் வந்துச்சு. ரெண்டும் செய்யல. பாய்லர் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். சினிமாங்கிறது அப்பத்தான் உறைச்சுது, கேமரா, விளக்கு, நீங்க கையில காகிதத்தை வச்சுக்கிட்டுக் கத்துனது எல்லாம்.

சிவப்புக் கவர் விசயமும் அங்கதான் வெளிச்சமாச்சு. பக்கத்துல ரெண்டு விளக்குக்காரப் பசங்க பேசிக்கிட்டானுங்க. சாவுப் போட்டோவுக்கு மூஞ்சி குடுக்குறவங்களுக்கும், பொணமாப் படுக்கிறவங்களுக்கும் தோசம் கழிக்க சிவப்புக் கவர் குடுக்குறது உங்க சினிமாக்காரங்க வழக்கமாமே. நான் பாவம் அந்தத் தபால்காரனை முறைச்சேன்.

அப்புறம் அந்தப் பையன் வந்தான். வெள்ளைத் துணி சுத்திக்கிட்டு, தலைல கட்டிக்கிட்டு. மண்டி போட்டான். மண்சட்டியைத் தலைக்கு மேல தூக்கி, அம்மான்னு கத்திக்கிட்டுத் தரைல அடிச்சான். தூள் தூளாப் போச்சு. போன்ல நான் கேட்ட அதே குரல். நீங்க தெக்கத்தி ஆளு, உங்க பக்கம் எப்படியோ. எங்க பக்கம் அது இல்லாம பொணம் வாசலைத் தாண்டாது. மகன்தான் உடைக்கணும். டைரக்டர் மறுபடிங்கிறாரு. இன்னொரு சட்டி. மறுபடி. இன்னொரு சட்டி. ஓரமா அடுக்கி வச்சிருந்தீங்களே. ஒரு மனுசிக்கு எத்தனை சட்டி. அவ கேமராவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருக்கா. நான் அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருக்கேன். அழலை தங்கச்சி. பசி தீந்த மாதிரி இருந்துச்சு அந்த மூஞ்சி. அந்த மூஞ்சியை நான் பாத்துப் பல வருசமாச்சு.

சரி, அதெல்லாம் நடிப்பு, ஒத்துக்குறேன். என் சந்தேகம் அது இல்ல. கேமரா நின்னதுக்கு அப்புறமும் அவன் ஏன் அம்மாங்கிறான்? வீட்டுக்கு ஏன் பேசுறான்? கொழுக்கட்டை தின்னான்னா இவளுக்கு எதுக்குச் சொல்றான்? இலவசமா எவனும் எவளையும் அம்மான்னு கூப்பிட மாட்டான். இந்த கேட்டுல நின்னு நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான், சும்மா எவனும் எதையும் தூக்க மாட்டான். நீங்க அவனை எத்தனை நாளாப் பாக்குறீங்க? அவனுக்கு அம்மா இருக்காங்களா?

இருக்காங்களா. சொந்த ஊர் அன்ஹுயில பன்னி வளக்குறாங்களா. நல்லா இருக்காங்களா, சரி. நல்லா இருக்கட்டும். அப்புறம் இவன் ஏன்…

என்ன சொன்னீங்க?

இன்னொரு தடவை சொல்லுங்க.

அவளா கேட்டா?

அந்தப் பையன் ஆரம்பத்துல இவளை ஆன்ட்டின்னுதான் கூப்பிட்டானா? இவளே போய், தம்பி, கேமரா இல்லாதப்பவும் அப்படியே கூப்பிடு, அப்பத்தான் எனக்குப் பழகும்னு சொன்னாளா? அவன் வெக்கப்பட்டானா? ம். சாப்பிட்டதைக்கூட எனக்குச் சொல்லணும்னு சொன்னாளா?

அப்ப அவன் ஒண்ணும் கேக்கல. கேட்டதெல்லாம் இவதான்.

தண்ணி இருக்கா தங்கச்சி? சுடுதண்ணிதான் வேணும். போதும். போதும்.

மத்த வேசமும் குடுத்துப் பாத்தீங்களா? கல்யாணக் கூட்டம், பஸ் பயணி, காய்கறி விக்கிறவ? வேணாம்னுட்டாளா. சாகுற அம்மா இருந்தா மட்டும் கூப்பிடுங்கன்னாளா. மத்த பொம்பளைங்க சாவுப் போட்டோன்னதும் ஓடுனாங்க, இவ மட்டும் கையைத் தூக்குனாளா. ஆமா. அவ தூக்குவா. எனக்கு இப்பப் புரியுது அவ எப்ப இருந்து இப்படி ஆனான்னு.

எங்க மாடில ஒரு கிழவர் இருந்தாரு. கோடை முடியிற சமயம் செத்தாரு. பிள்ளை கிடையாது. சவத்தைத் தூக்கணும், சட்டி உடைக்க ஆள் இல்ல. அவரோட தங்கச்சி மகன் ஒருத்தன் வந்தான். சட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான், உடைக்க மாட்டேங்கிறான். என்னடான்னா, உடைக்கிறவனுக்குத்தானே வீடு, சாவி எங்கங்கிறான். அத்தனை பேர் முன்னால. கிழவர் பொட்டில படுத்திருக்காரு, சாவியைத் தேடிக்கிட்டு ஊரே அலையுது. பூந்தொட்டிக்கு அடியில கிடைச்சுது. சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுத்தான் உடைச்சான். யூமெய் என் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. அடுத்த வாரம்தான் தியேட்டருக்குப் போக ஆரம்பிச்சா.

எங்களுக்கும் ஒருத்தன் இருந்தான்னு சொன்னேன்ல. ஹைபோ, எங்க மகன். ஒரு புள்ள போதும்னு சர்க்கார் எல்லாருக்கும் சொன்ன காலம், நாங்களும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டோம். தாலியன்ல கப்பல் கட்டுற இடத்துல வேலை. சாரத்துல இருந்து விழுந்துட்டான். அந்தக் கடற்கரைப் போட்டோ அதுக்கு முந்துன மே மாச லீவுல எடுத்தது. கல்யாணம் ஆகாதவன், அவனுக்கும் சட்டி உடைக்க ஒரு புள்ள இல்ல. பெத்தவங்க பிள்ளையோட சுடுகாட்டுக்குப் போகக்கூடாதுங்கிறது எங்க பக்கத்து வழக்கம். என் அண்ணன் வந்து வாசலை மறிச்சு நின்னுட்டாரு. அவளை ரெண்டு பொம்பளைங்க புடிச்சுக்கிட்டாங்க. எத்தனையோ பேரை இந்த கேட்டுல மறிச்ச நான், அன்னைக்கு என் வீட்டு வாசலைத் தாண்ட முடியாம நின்னேன். அவன் போற வண்டிச் சத்தம்தான் கேட்டுச்சு. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைச்சது.

அதுக்கப்புறம் அவன் பேரை நாங்க சொல்லல. அவ சொன்னா நான் உடைஞ்சிடுவேன்னு அவ பயந்தா. நான் சொன்னா அவ உடைஞ்சிடுவாளோன்னு நான் பயந்தேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்துக்கிட்டே கெழடாயிட்டோம். இப்ப பாத்தா, எனக்குத் தெரியாம அவ மட்டும் ஒரு ஓட்டை போட்டு வெளிய போய்ட்டு வந்துக்கிட்டிருக்கா.

அவமேல கோவமான்னா? இருக்கு. ஏமாத்துனான்னு இல்ல. என்னை விட்டுட்டுப் போனாளேன்னு.

சரி, அதை விடுங்க. உங்களை ஒரு சந்தேகம் கேக்கணும், படத்தைப் பத்தி. நாளைக்கு என்ன எடுக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். பசங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. அம்மா செத்து முதல் புதுவருசம், பையன் ஊருக்கு வந்து, சுவத்துல இருக்கிற அம்மா போட்டோ முன்னால கொழுக்கட்டை வச்சுக் கும்பிடுறான். அதானே? போன வாரமே அந்த வீட்டு செட்டை எட்டிப் பாத்தேன். அலமாரி, கடிகாரம், ஜன்னல்ல சிவப்புக் காகிதம் எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கீங்க. சுவத்துல அவ போட்டோவுக்கு ஆணி அடிச்சிருக்கு. ஒரே ஒரு ஆணி.

கதைல அப்பன் எங்க?

உங்க படங்கள்ல அப்பன் எப்பவுமே காணாமப் போயிடுறான், அதைத்தான் கேக்குறேன். ஒண்ணு குடிச்சிட்டு விழுந்து கிடக்கான், இல்ல தெக்க எவளோடயோ ஓடிட்டான். இதுல எப்படி? ஓடிப்போயிட்டானா? இல்லையா. பையன் சின்னவனா இருக்கிறப்பவே செத்துட்டாரா? கதைல சொல்றாங்களா அதை? ஒரு இடத்துல வசனம் வருதா. அப்பச் செத்த அப்பன் போட்டோ எங்க?

யோசிச்சுப் பாருங்க. புருசனை எடுத்துட்டுப் பொண்டாட்டியை மட்டும் சுவத்துல மாட்டுற வீடு எங்கயாவது உண்டா? பாக்குறவன் கேப்பான்ல. கேட்டுல நின்னவன் நான், இல்லாத சாமான்தான் மொதல்ல கண்ணுல படும். உங்க டைரக்டர்கிட்ட சொல்லுங்க, ஒரு குறை இருக்குன்னு. ஆம்பளை இடது பக்கம், பொம்பளை வலது பக்கம். அந்த ஆணிக்கு இடப்பக்கம் இடம் கிடக்கு. நான் பாத்துட்டேன்.

இப்பத் திறக்குறேன் பையை. புடிங்க, சட்டம் கனமா இருக்கும், கண்ணாடி பத்திரம்.

காலைலதான் எடுத்தேன், ஸ்டேசன் பக்கத்து ஸ்டுடியோவுல. பென்சனுக்கான்னு கேட்டான். இல்லப்பா, சினிமாவுக்குன்னேன். நம்பல. வாயை மூடிக்கிட்டு நேராப் பாருங்கன்னான். இல்ல, அவ சிரிச்சுக்கிட்டிருக்கா, நானும் கொஞ்சம் சிரிச்சாத்தான் பொருந்தும்னேன். நல்லா வந்திருக்கா? தாலியன் படத்துல இருந்து வெட்டியிருக்கலாம், அதுல நான் இல்லையே. எடுத்தவன் நானாச்சே.

சிவப்புக் கவரா? குடுக்கணும்னா குடுங்க. போர்வைக்கு அடியில ரெண்டு இருக்கு, அதோட கிடக்கட்டும்.

அவகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு வந்து சுவத்தைப் பாப்பா, அவளே தெரிஞ்சுக்குவா. அந்தப் பையன்கிட்ட மட்டும் சொல்லுங்க, கும்பிடும்போது அம்மாங்கிறதுக்கு அப்புறம் அப்பான்னும் ஒரு வார்த்தை சொல்லட்டும். கேமரா ஓடாட்டியும் பரவாயில்ல. முடியாதுன்னாலும் பரவாயில்ல, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

போனைக் குடுங்க, கிளம்புறேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, ஆனா அவ ஆடி முடிச்சு வந்துடுவா, நான் வீட்டுல இருக்கணும். ஆங், அந்தப் பின்சுவர் ஓட்டை. அடைக்கச் சொன்னேன்ல? நாளைக்கு ஒரு நாள் மட்டும் அதை அடைக்க வேணாம்.